கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்வதற்கு முன்னும் பின்னும்: கொழும்பில் வேலை செய்வோருக்கு

முதலில் ஒரு தாளை எடுத்து, நீங்கள் செய்யமாட்டேன் என்று சொல்லப்போகும் காரியத்தை ஒரே வசனத்தில் எழுதுங்கள். அந்த வசனத்தில் ஒரு வினைச்சொல், ஒரு பத்திரம் அல்லது ஒரு பணி, ஒரு திகதி இருக்கவேண்டும். "இந்தக் கம்பனியில் நேர்மை இல்லை" என்று எழுதினால் அதை வைத்து எந்த விசாரணையிலும் நிற்கமுடியாது. "களஞ்சியத்தில் இல்லாத 340 பெட்டிகளை இருப்பதாகக் காட்டும் மார்ச் மாத இருப்புக் கணக்கில் நான் கையெழுத்திடமாட்டேன்" என்று எழுதினால் நிற்கலாம். "தமிழ், முஸ்லிம் பெயர்களைப் பார்த்து விண்ணப்பங்களை ஒதுக்கும் பட்டியலை நான் தயாரிக்கமாட்டேன்" என்பதும் நிற்கும். மறுப்பு சிறிதாகச் சிறிதாக அதை உடைப்பது கடினம். பரந்த குற்றச்சாட்டை யாரும் திசைதிருப்பிவிடலாம். ஒரு கையெழுத்தை மறுத்தவரிடம் அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டுமே பேசமுடியும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்னுதாரணம் கோடீஸ்வரனின் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞரான அவர், 1961 டிசம்பரில் வந்த திறைசேரிச் சுற்றறிக்கை கேட்ட சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய மொழிச் சட்டம் அநீதியானது என்று மேடையில் பேசியவர்கள் ஏராளம். அவர் நீதிமன்றத்தில் கேட்டதோ தனக்கு வரவேண்டிய சம்பள ஏற்றத்தை. கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போடமுடியாது என்று சொல்லி அதைப் புரட்டியது. 1969இல், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், போடமுடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்குக் கடைசிவரை விடை வரவில்லை, 1972 அரசியலமைப்பு அந்தக் கதவை மூடிவிட்டது. ஆனாலும் ஒரு எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் பல ஆண்டுகளாக அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைத்தது.

உங்கள் மறுப்பு எந்த வகை?

வசனத்தை எழுதியபின், அது மூன்றில் எதைச் சேர்ந்தது என்று பாருங்கள். முதல் வகை, சொல்லப்பட்ட காரியமே சட்டத்துக்கு முரணானது: பொய்க் கணக்கு, இலஞ்சம், ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டாமல் கட்டியதாகக் காட்டுவது. இரண்டாம் வகை, சட்டம் தெளிவாகத் தடுக்காவிட்டாலும் உங்கள் தொழிலின் ஒழுக்கக்கோவை தடுப்பது. கணக்காளர், பொறியியலாளர், வைத்தியர், தாதி, சட்டத்தரணி எல்லோருக்கும் அப்படி ஒரு கோவை உண்டு. அதன் பந்தி இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். மூன்றாம் வகை, கட்டளை சட்டபூர்வமானது, ஆனால் உங்கள் சமயமோ மனச்சாட்சியோ இடங்கொடுக்கவில்லை.

மூன்றாம் வகையில்தான் பலர் விழுந்துபோகிறார்கள். சட்டபூர்வமான, நியாயமான கட்டளையை மறுப்பது கீழ்ப்படியாமை. அதைக் குற்றமாக எழுதித் தரக் கம்பனிக்கு உரிமை உண்டு. ஆகவே "என் மனச்சாட்சி" என்று தொடங்குவதற்கு முன், அது உண்மையில் முதல் வகையாக இருக்கிறதா என்று தேடுங்கள். விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர் சாராய விளம்பரம் வரையமாட்டேன் என்று சமயத்தைக் காட்டி மறுத்தால், அது அவருடைய தனிப்பட்ட விருப்பமாகிவிடும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம், மதுபான விளம்பரத்தையே தடைசெய்கிறது என்று எடுத்துக்காட்டினால் அது கம்பனியின் பிரச்சினையாகிவிடும். சட்டம் தடுக்காத வேறொரு விளம்பரமானால் அப்படி எதையும் காட்டமுடியாது. அங்கே செய்யக்கூடியது, வேலை கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவைத்து, பதிலுக்கு வேறு ஒரு வேலையை எடுத்துக்கொள்வதாக எழுத்தில் முன்வைப்பது. "இதைச் செய்யமாட்டேன்" என்பதோடு "அதைச் செய்கிறேன்" என்பதும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். வேலை மேசைக்கு வந்தபின், வாடிக்கையாளர் காத்திருக்கும்போது மறுத்தால் யாருக்கும் இரக்கம் வராது.

அரசியலமைப்பைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆம் உறுப்புரை பேச்சையும், சமயத்தை வெளிக்காட்டுவதையும் பாதுகாக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனுவை அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு தனியார் கம்பனி உங்கள் பொட்டையோ ஹிஜாபையோ பற்றிக் குறை சொன்னால் 126ஆம் உறுப்புரை உங்களுக்கு உதவாது. தொழிற் சட்டம்தான் வழி. அரச அலுவலகமானால் கதை வேறு. 2019 மே மாதம் அரச பெண் ஊழியர் சேலை அல்லது ஒசரி உடுக்கவேண்டும் என்று வந்த 13/2019 சுற்றறிக்கை, முஸ்லிம் பெண்கள் பலரை வேலைக்குப் போகமுடியாமல் ஆக்கியது. ஆட்சேபணைகளுக்குப் பின் அது திருத்தப்பட்டது.

வாய் திறப்பதற்கு முன் சேர்க்கவேண்டியவை

நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், ஊழியர் கைநூல், கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டைகள், பாராட்டுக் கடிதங்கள், வருடாந்த மதிப்பீடுகள் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கவேண்டும். மதிப்பீடுகள் மிக முக்கியம். மறுப்புக்கு அடுத்த மாதமே "திறமை போதாது" என்று கடிதம் வரும். போன வருடம் அதே மேலாளர் நல்ல புள்ளி போட்ட தாள் அதற்குப் பதில் சொல்லும்.

பிறகு மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தகுதிகாண் காலம் முடிந்ததா? முடியாவிட்டால் பாதுகாப்பு மிகக் குறைவு. சில வாரங்களில் நிரந்தரமாவீர்கள் என்றால், கையெழுத்திடாமல் அதுவரை காலம் கடத்த வழி இருக்கிறதா பாருங்கள். கம்பனியில் 15 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கிறார்களா, நீங்கள் 180 நாட்களுக்கு மேல் வேலை செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஊழியர் பணிமுடிவுறுத்தற் சட்டத்தின்கீழ், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஐந்து வருடச் சேவை நிறைந்துவிட்டதா? 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விட்டாலும் நிறுத்தினாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரவேண்டும். 1,20,000 ரூபா கடைசிச் சம்பளத்தில் ஆறு வருடம் என்றால் 3,60,000 ரூபா. நான்கு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறினால் ஒன்றும் இல்லை.

ஊழியர் சேமலாப நிதியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் அங்கே சேர்ந்துகொண்டிருந்தாலும், வேலை போனதற்காக மட்டும் அதை எடுக்கமுடியாது. பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது ஆகவேண்டும். கம்பனி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டபின் கேட்டுப் பெறலாம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பாடசாலை, கடன் தவணை எல்லாவற்றையும் கூட்டி, சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கலாம் என்று எழுதிப்பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக வந்தால், மறுப்பை விடவேண்டும் என்று அர்த்தம் இல்லை. வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதையும் மறுப்பையும் ஒரே வாரத்தில் தொடங்கவேண்டும் என்று அர்த்தம். இதை வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் உறுதியாக நின்றவர்கள், "ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?" என்று வீட்டில் கேட்கப்படும் அன்றுதான் உடைந்துபோகிறார்கள்.

மறுப்புக் கடிதம்

வாய்ப்பேச்சில்தான் எல்லாம் தொடங்கும். "தம்பி, ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிடுங்கோ. மேல இருந்து கேக்கினம்." அந்த இடத்தில் நீண்ட விளக்கம் வேண்டாம். "சேர், மற்ற எல்லா வேலையும் செய்றன். இதில மட்டும் கையெழுத்துப் போடமாட்டன். காரணத்தை எழுதித் தாறன்." இதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதீர்கள். அதிகம் பேசினால் "மேலாளரை அவமதித்தார்" என்ற குற்றச்சாட்டு அந்தப் பேச்சிலிருந்துதான் பிறக்கும்.

அன்றைக்கே, பிந்தினால் அடுத்த நாள் காலையில், மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரடி மேலாளருக்கு முகவரியிட்டு, மனிதவளப் பிரிவுக்குப் பிரதி வையுங்கள். கம்பனித் தலைவருக்கோ வெளியாருக்கோ இப்போதே அனுப்பவேண்டாம். ஐந்து வசனம் போதும்:

"இன்று காலை 10.30க்கு, மார்ச் மாத இருப்புக் கணக்கில் கையெழுத்திடும்படி தாங்கள் கேட்டீர்கள். அந்தக் கணக்கில் காட்டப்பட்ட 340 பெட்டிகளை நான் நேரில் எண்ணியபோது காணவில்லை. ஆகவே அது சரி என்று என்னால் சான்றுபடுத்த முடியாது. மீண்டும் எண்ணிப் பார்க்க ஏற்பாடு செய்தால், கண்டதை அன்றைக்கே எழுதித் தருகிறேன். என் மற்றக் கடமைகள் அனைத்தையும் வழமைபோல் செய்துவருகிறேன்."

இந்தக் கடிதத்தில் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டிகள் எங்கே போயின என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தது "நான் எண்ணினேன், இல்லை" என்பது மட்டும். தெரிந்ததை மட்டும் எழுதியவருக்கு எதிராக அவதூறு என்று யாரும் கிளம்பமுடியாது. கடைசி வசனத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வேலையைப் புறக்கணித்தார் என்ற குற்றச்சாட்டை அது முன்கூட்டியே தடுக்கிறது. எழுதியதோடு நிற்காமல் அதன்படி நடக்கவும் வேண்டும். மறுப்பு நடக்கும் மாதங்களில் காலையில் ஐந்து நிமிடம் பிந்துவதுகூட ஆபத்து. மூன்று வருடமாக யாரும் கவனிக்காத வரவுப் பதிவேட்டை அந்த வாரத்தில் புரட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்து வருபவை, வழக்கமான ஒழுங்கில்

முதலில் தேநீரோடு நயமான பேச்சு. பிறகு உங்கள் வேலையை இன்னொருவருக்கு மாற்றுவது. அதை ஏற்றுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடவேண்டிய பொறுப்பு உங்களிடமிருந்து போய்விட்டது. நீங்கள் மறுத்ததும் எழுத்தில் இருக்கிறது. பிறகு இடமாற்றம். நியமனக் கடிதத்தில் இடமாற்ற வாசகம் இருந்தால் போகவேண்டும். "எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டே புதிய இடத்தில் பொறுப்பேற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். போகாமல் இருந்தால் சேவையைக் கைவிட்டதாகக் கடிதம் வரும்.

சேவையைக் கைவிடல் என்ற இந்தப் பொறியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. மனம் நொந்து இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் பலர். சுகமில்லை என்றால் வைத்தியச் சான்றிதழை அன்றைக்கே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை என்றால், வாசலில் நின்றபடியே மனிதவளப் பிரிவுக்கு நேரத்தோடு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அன்று மாலை மின்னஞ்சல், அடுத்த நாள் பதிவுத் தபால். பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

இன்னொரு பொறி, "மரியாதையாக இராஜினாமா செய்யுங்கோ, நல்ல சான்றிதழ் தாறம்" என்பது. நீங்களாக எழுதிக் கொடுத்த இராஜினாமா உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்வது போல. வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்தியது நியாயம் என்று கம்பனிதான் நிரூபிக்கவேண்டும். இராஜினாமா செய்தால், வற்புறுத்தித்தான் எழுதவைத்தார்கள் என்று நீங்கள் நிரூபிக்கவேண்டும். மூடிய அறையில் மூன்று பேருக்கு நடுவே இருத்தி இந்தக் கடிதத்தை நீட்டுவது வழக்கம். "வீட்டில் கலந்து பேசி நாளைக்குச் சொல்றன்" என்று எழுந்து வாருங்கள். எழுந்துபோவது குற்றம் இல்லை.

காரணம் கோரும் கடிதம் வந்தால், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட மறுக்கவேண்டாம். "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் திகதியும் நேரமும் போடுங்கள். கடிதம் சிங்களத்தில் இருந்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், தெரியும் என்பதுபோல் காட்டிக்கொள்ளக் கூச்சம் காரணமாகிவிடக்கூடாது. "எனக்கு இந்த மொழி வாசிக்கத் தெரியாது, தமிழில் அல்லது ஆங்கிலத்தில் தரவும்" என்றும் அதே தாளில் எழுதுங்கள். பதில் எழுதத் தரும் நாட்கள் போதாவிட்டால், முடியும் முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் அதே இலக்கமிட்டுத் தனித்தனியே பதில் சொல்லுங்கள். எதையும் பதிலின்றி விட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கொள்கையைப் பற்றிய பெரிய வாக்குமூலத்தை அங்கே எழுதவேண்டாம். எப்போது, யார், எதைச் சொன்னார், நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள், அது எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பவை போதும்.

உள்ளக விசாரணையில் ஒரு சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட அழைத்துவர அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். நடுவில் சொன்னால் சாட்டு என்பார்கள். விசாரணைக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தபின்பே ஒப்பமிடுங்கள். சொல்லாததை எழுதியிருந்தால் வெட்டித் திருத்தி அருகில் சுருக்கொப்பம் வையுங்கள்.

தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக நிறுத்தினால், 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம் அதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்கிறது. ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். ஆனால் பிரச்சினை வெடித்தபின் சங்கம் தேடுவது, தாகம் வந்தபின் கிணறு வெட்டுவது. முன்பே சேர்ந்திருங்கள்.

எதை வைத்திருக்கலாம், எதைத் தொடக்கூடாது

நல்லெண்ணத்தில் செய்யப்படும் மிகப் பெரிய பிழை, அலுவலகக் கோப்புகளைத் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவது. உங்களுக்கு அனுமதி இல்லாத கணினிக்குள் நுழைவதோ தரவை எடுப்பதோ 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். அதுவரை பொய்க் கணக்கைப் பற்றி இருந்த கதை, அன்றிலிருந்து உங்கள் தரவுத் திருட்டைப் பற்றியதாக மாறிவிடும். உங்களுக்கு முகவரியிட்ட கடிதங்கள், நீங்கள் எழுதிய மறுப்பு, உங்கள் சம்பளச் சிட்டை ஆகியவை உங்களுடையவை. மற்றவற்றை எடுக்காமல், எங்கே இருக்கின்றன என்று குறித்துவையுங்கள்: கோப்பின் பெயர், திகதி, யாரிடம் உண்டு. விசாரணையில் அவற்றைக் கொண்டுவரும்படி கேட்கலாம்.

தைத்த கொப்பி ஒன்றை வாங்குங்கள். தாள் கழற்றமுடியாததாக இருக்கவேண்டும். பக்க இலக்கம் போட்டு, ஒவ்வொரு நாளும் நடந்ததை அன்றிரவே எழுதுங்கள்: நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன சொற்கள். "மிரட்டினார்" என்று எழுதினால் பயனில்லை. "வீட்டுக் கடனை நினைச்சுப் பாருங்கோ என்றார்" என்று எழுதுங்கள். இடையில் வெற்றுப் பக்கம் விடாதீர்கள். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் உங்கள் ஞாபகத்தைக் காப்பாற்றுவது இந்தக் கொப்பிதான்.

நிறுத்திவிட்டால்

நாட்காட்டியை உடனே எடுங்கள். தண்டனையாக நிறுத்தினால், நிறுத்திய பின் வரும் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அதையும் குறியுங்கள். வேலை நிறுத்திய வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கான விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குள் போடவேண்டும். ஆணையாளரின் அனுமதி இல்லாமல் நிறுத்தியதாக முறைப்பாடு செய்வதென்றால் நாரஹேன்பிட்டி கிருள வீதியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். எது பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க முதல் மாதத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். பணம் இல்லாவிட்டால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தொழில் நியாய சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதியும் உங்களுக்காகத் தோன்றலாம். சபை சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்க்காமல் எது நியாயமும் ஒப்புரவுமானது என்று பார்த்துக் கட்டளை தரும். மீண்டும் வேலையில் சேர்க்கலாம், இழப்பீடும் கொடுக்கலாம். நம்பிக்கைப் பொறுப்பான பதவிகளில் பெரும்பாலும் இழப்பீட்டோடு முடியும். வருடக்கணக்கில் இழுபடும் என்பதை மனதில் வைத்துத் தொடங்குங்கள்.

அரசாங்க ஊழியருக்குத் தொழில் நியாய சபை இல்லை. பொதுச் சேவை ஆணைக்குழு, அதன்பின் நிருவாக மேன்முறையீட்டு நியாய சபை என்று வழி போகிறது. அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. அவர்களின் அலுவலகம் கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில். அவசர இலக்கம் 1996. அரச கூட்டுத்தாபன, சபை ஊழியர்கள் தொழில் நியாய சபைக்கும் போகலாம்.

வெளியே சொல்லவேண்டுமென்றால் யாரிடம்

உள்ளே எழுதிப் பயனில்லாமல் போய், விடயம் இலஞ்சமோ ஊழலோ என்றால், கொழும்பு 7 மலலசேகர மாவத்தையில் உள்ள இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. தொலைபேசி 1954. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் உள்ளடக்குகிறது, தகவல் தருபவரைப் பாதுகாக்கவும் ஏற்பாடு வைத்திருக்கிறது. தெரிந்துகொண்டே பொய்க் குற்றச்சாட்டுச் சொல்வது அதே சட்டத்தில் குற்றம். அங்கேயும் கண்டதை மட்டும் சொல்லுங்கள். அரச அலுவலர் ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வெளியிட அனுமதிக்கப்பட்ட தகவலைக் கொடுத்ததற்காகத் தண்டிக்கப்படக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை அனுமதியின்றி ஊடகங்களுக்குப் பேசுவதைத் தடுக்கிறது. 2022 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை சமூக ஊடகக் கருத்துகளையும் ஒழுக்காற்று விடயமாக்கியது. ஆகவே பத்திரிகையாளரிடம் ஓடுவது முதற்படியாக இருக்கக்கூடாது.

ஊர் வாயில் விழுந்தால்

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 அன்று வெள்ளவத்தைக் கடற்கரையில் சுடர் ஏற்றிய படம் ஒன்று சுற்றத் தொடங்கும். அல்லது பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிய வதந்தியை மறுத்து நீங்கள் எழுதிய நான்கு வரி. மாலைக்குள் பின்னூட்டங்களில் "கொட்டியா" (சிங்களத்தில் புலி) என்று நிறைந்துவிடும், கம்பனியின் பக்கத்தில் உங்களை நீக்கச் சொல்லி எழுதுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. நம்மவர்களின் சாதி மனப்பான்மையையோ சொந்தக் கட்சியையோ விமர்சித்தால் "துரோகி" என்ற சொல் சொந்த ஊர் வட்ஸ்அப் குழுவிலிருந்தே வரும். இரண்டாவதுதான் அதிகம் நோகும். கல்யாண வீட்டில் அந்த ஆட்களைச் சந்திக்கவேண்டியிருக்கும்.

முதல் ஒரு மணித்தியாலத்தில் பதிவை அழிக்காதீர்கள். அழித்தால், அழித்ததையே குற்ற ஒப்புதல் என்பார்கள், வெட்டிய ஸ்கிரீன்ஷொட்தான் மிஞ்சும். முழுப் பதிவையும், இணைப்போடும் நேரத்தோடும் நீங்களே சேமியுங்கள். மிரட்டல்களையும் அப்படியே சேமியுங்கள். பிறகு கணக்கைப் பூட்டி, வேலையிடத்தின் பெயர், தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் படங்கள், பாடசாலை அடையாளம் தெரியும் படங்கள் எல்லாவற்றையும் மறையுங்கள். கடவுச்சொல்லை மாற்றி இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

இரண்டாவது வேலை, கம்பனிக்கு அவர்கள் கேட்கும் முன் சொல்வது. "என் தனிப்பட்ட கணக்கில் இட்ட பதிவு ஒன்று பரவிவருகிறது. அதில் கம்பனியின் பெயர் இல்லை, வேலை நேரத்துக்கு வெளியே எழுதியது. முழுப் பதிவின் பிரதியை இணைக்கிறேன்." முதலாளி இதை வாடிக்கையாளரிடமிருந்து கேள்விப்படுவதைவிட உங்களிடமிருந்து கேள்விப்படுவது நல்லது. அதோடு, எழுதியதை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தரவு பிழையென்றால், அழிக்காமல், கீழே திருத்தம் போடுங்கள். பிழையை ஒப்புக்கொள்வது கொள்கையைக் கைவிடுவது ஆகாது. ஒரு இனத்தையோ சமயத்தையோ மொத்தமாகச் சாடும் சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ICCPR சட்டத்தில், இன, சமய வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் 3ஆம் பிரிவின்கீழ் கைதானால் நீதவான் பிணை தரமுடியாது, மேல் நீதிமன்றம்தான் தரலாம். அந்தப் பிரிவு எழுதப்பட்ட நோக்கத்துக்கு மாறாகவும் பாவிக்கப்பட்டிருக்கிறது என்பதால், இந்த எச்சரிக்கை வெறுப்புப் பேசாதவர்களுக்கும் பொருந்தும்.

விளக்கம் கொடுப்பதென்றால் ஒரு தடவை, ஆறேழு வரி, தமிழிலும் சிங்களத்திலும். சிங்கள வடிவத்தைச் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பரிடம் காட்டிச் சரிபாருங்கள், ஒரு பின்னொட்டு மாறினாலே வேறு கலவரம். அதன்பின் மௌனம். பின்னூட்டத்துக்குப் பதில் எழுதும் ஒவ்வொரு தடவையும் பதிவு மேலே ஏறும். வானொலி, யூடியூப் நேர்காணல்களுக்கும் அந்த வாரத்தில் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசிக்கும் பொறுப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள், மிரட்டல்களை மட்டும் அவர் எடுத்துவைக்கட்டும். வீட்டு முகவரியோ உயிர் மிரட்டலோ வந்தால் அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட்டுப் பிரதியைக் கையோடு வாங்குங்கள். தூக்கமின்றி, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்கமுடியவில்லை என்றால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

அவதூறு என்று சொல்லிச் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுதாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டது, அவதூறு என்பதற்காக மட்டும் சிறைத்தண்டனை இல்லை. ஆனால் நட்டஈட்டு வழக்கு வரலாம். கடிதத்தில் உள்ள காலக்கெடுவைக் குறித்துக்கொண்டு, அது முடியும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.

வெளியேறும் நாளில்

மடிக்கணினி, அடையாள அட்டை, திறப்புகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். கணினியில் உங்கள் தனிப்பட்ட கோப்பு எதையும் அவசரத்தில் அழிக்கவேண்டாம், அழித்தது எதுவோ என்ற கேள்வி பின்னால் வரும். "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் உள்ள தாளில், கடைசிச் சம்பளத்துக்காக ஆசைப்பட்டு ஒப்பமிடாதீர்கள். சேவைச் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். பணிக்கொடை உரியதென்றால் 30 நாளில் வரவேண்டும்.

அடுத்த நேர்முகத்தில் ஏன் விலகினீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு வசனம் தயார்செய்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள்: "நான் நேரில் சரிபார்க்காத கணக்கு ஒன்றைச் சான்றுபடுத்தச் சொன்னார்கள், நான் மறுத்து எழுத்தில் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் வேலை முடிவுக்கு வந்தது, விடயம் இப்போது தொழில் நியாய சபையில் இருக்கிறது." பழைய முதலாளியின் பெயரைக் குறைகூறாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருங்கள்.